விண்டோஸுடன் வரும் மென்பொருள்களை மாற்றத்தான் வேண்டுமா?

14 அக்டோபர் 2025, காலை (கேள்வி)

இன்றோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றார்கள். பயந்துபோய் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கிவிட்டேன். அண்ணன் மகன் வந்து பார்த்தான். “சித்தப்பா, இதில் கூடவே வருகிற மென்பொருள் எதுவும் உருப்படாது, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்” என்று ஒரு முழுப் பக்கப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குக் கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, அவ்வப்போது ஏதாவது விண்ணப்பம் நிரப்புவது, இவ்வளவுதான் வேலை. எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

14 அக்டோபர், இரவு (பதில்)

பட்டியலை மடித்து மேசைக்குள் வையுங்கள். சில நாள் சும்மா வேலை செய்யுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ, எந்த இடத்தில் வாய் தானாக முணுமுணுக்கிறதோ, அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவர் பட்டியல் மற்றவர் எரிச்சலின் பட்டியல்.

நான் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். எழுத்தாளர் அனுப்பும் கோப்பை வாங்கி, சுத்தம் செய்து, பக்கமாக்கி, மெய்ப்புப் பார்க்க அனுப்பி, கடைசியில் அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுப்பது தொழில். என் கை முதலில் நின்ற இடம் தேடல். மூன்றாம் மெய்ப்பில் ஆசிரியர் திருத்திய கோப்பு எங்கோ இருக்கிறது, பெயரில் ‘திருத்தம்’ என்று வரும், அவ்வளவு தெரியும். ஸ்டார்ட் மெனுவில் அதைத் தட்டினால் இணையத்தில் ‘திருத்தம்’ பற்றி என்ன இருக்கிறது என்று காட்ட முன்வருகிறது. என் வட்டில் இருப்பதைக் கேட்டால் உலகத்தில் இருப்பதைச் சொல்கிறது.

எவ்ரிதிங் என்ற சின்ன மென்பொருளை நிறுவினேன். வாய்ட்டூல்ஸ் தளத்தில் இலவசம். விண்டோஸ் தன் வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் ‘மாஸ்டர் ஃபைல் டேபிள்’ என்ற பேரேட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. எவ்ரிதிங் அந்தப் பேரேட்டை நேராகப் படித்துக்கொள்கிறது. பிறகு வட்டில் நடக்கும் மாற்றங்களின் குறிப்பேட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் பட்டியல் கண்முன்னே சுருங்குகிறது. பத்து லட்சம் கோப்புகளைப் பட்டியலிட ஒரு நிமிடம் போதும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. என் அனுபவம் அதற்கு மாறாக இல்லை.

கேள்வி கேட்டவருக்கு இது தேவையா? கோப்பு தொலைகிற ஆளாக இருந்தால் தேவை.

15 அக்டோபர்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாளை திட்டு வரும். எவ்ரிதிங் தேடுவது கோப்பின் பெயரைத்தான். கோப்புக்குள் இருக்கும் வரிகளைத் தேடச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும், மெதுவாக இருக்கும். உள்ளடக்கத்தைத் தேட விண்டோஸின் சொந்தத் தேடலே பரவாயில்லை. அது முன்கூட்டியே படித்துக் குறித்து வைக்கிறது. எந்தக் கோப்புறைகளைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். அமைப்புகளில் அதைப் பார்க்காமலேயே பாதிப் பேர் விண்டோஸ் தேடலைத் திட்டுகிறோம்.

17 அக்டோபர்

‘நோட்பேடை எதற்கு மாற்ற வேண்டும், அது வெறும் காகிதம்தானே’ என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தக் காகிதம் தமிழைத் தின்றிருக்கிறது, ஐயா. 2019-க்கு முந்தைய நோட்பேட் புதிய கோப்பு எதையும் ‘ஆன்சி’ என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீட்டில்தான் சேமிக்க முனையும். தமிழில் தட்டிவிட்டுச் சேமித்தால் ஓர் எச்சரிக்கை வரும். இதில் யூனிகோடு எழுத்துகள் இருக்கின்றன, இப்படியே சேமித்தால் தொலைந்துபோகும் என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கும். யார் படிக்கிறார்கள்? ‘ஓகே’ என்ற பொத்தான் இருக்கிறது, அழுத்துவார்கள். அப்போதும் திரையில் தமிழ் அப்படியே தெரியும். மூடித் திறந்தால்தான் விபரீதம் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் நிற்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று கணினிக்கு அது ஐந்து எழுத்து. கேள்விக்குறியிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. எனக்கு ஒரு கவிதைத் தொகுப்பே அப்படி வந்தது. கேள்விக்குறிகள், இடையிடையே கவிஞர் வைத்த முற்றுப்புள்ளிகள். சந்தம் மட்டும் தெரிந்தது.

2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து நோட்பேட் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமிக்கிறது. அந்த ஆபத்து போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு வரை லினக்ஸ் கணினியிலிருந்து வந்த கோப்பைத் திறந்தால் எல்லா வரிகளும் ஒட்டி ஒரே வரியாகக் கிடக்கும், அதையும் சரிசெய்துவிட்டார்கள். ஆகவே வெறும் குறிப்பு எழுதுகிறவருக்கு இன்றைய நோட்பேட் போதும்.

எனக்குப் போதாது. காரணம் இதுதான். ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று சேர்ப்பது ஒரு விதம். முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு துணைக்கால் என்று இரண்டு துண்டாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. ‘ஔ’ போட வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ‘எ’ போட வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கும். இவற்றையெல்லாம் ஒரு புத்தகத்தின் எல்லா அத்தியாயக் கோப்புகளிலும் ஒரே வீச்சில் தேடி மாற்ற நோட்பேட்++ என்ற தனி மென்பொருள் வேண்டியிருக்கிறது. எழுத்தின் யூனிகோடு எண்ணையே கொடுத்துத் தேடலாம். 2003-இல் வந்தது, இன்னும் இலவசம், இன்னும் சிறியது.

17 அக்டோபர், பிறகு

பழைய நோட்பேட் பற்றிப் பேசும்போது இதை விடக்கூடாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ‘புஷ் ஹிட் தி ஃபேக்ட்ஸ்’ (புஷ் உண்மைகளை மறைத்தார்) என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளில் தட்டிச் சேமித்து மீண்டும் திறந்தால் சீன எழுத்துகள் போல ஏதோ வரும். அமெரிக்க அதிபரைக் காப்பாற்ற மைக்ரோசாஃப்ட் செய்த சதி என்று மின்னஞ்சல்கள் பறந்தன. உண்மையில், கோப்பு எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று நோட்பேட் ஊகிக்கிறது, சிறிய கோப்பென்றால் ஊகம் தவறுகிறது, அவ்வளவே. அதே அளவில் எழுத்துகள் அமைந்த வேறு வாக்கியத்துக்கும் அதே கதிதான். அடுத்து வந்த விஸ்டாவில் திருத்திவிட்டார்கள்.

18 அக்டோபர்

இன்று நோட்பேடைத் திறந்தேன். ‘உங்களுக்காக நான் மாற்றி எழுதித் தரட்டுமா’ என்று கேட்கும் பொத்தான் ஒன்று வந்திருக்கிறது. முன்பு தமிழைத் தின்றது, இப்போது எழுதித் தருகிறேன் என்கிறது. வேர்ட்பேடைச் சென்ற ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தே விட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் கடிதமும் கணக்கும் செய்யும் இலவசத் தொகுப்பான லிப்ரே ஆஃபிஸ் பக்கம் போவது நல்லது. கடிதம், கணக்கு என்று கேட்டவருக்கும் அதுவே போதும்.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்து வந்து பார்த்தால் சுருக்கக் கோப்புகளைப் பற்றி ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

ஜிப் திறக்க எதுவும் தேவையில்லை, எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் திறக்கும். ரார், 7இசட் வகைகளையும் 2023-லிருந்து விண்டோஸ் 11 தானே திறக்கிறது. அப்புறம் எதற்கு 7-ஜிப் என்ற தனி மென்பொருள்? பெரிய கோப்பை ஒரு முறை இரண்டிலும் பிரித்துப் பாருங்கள், வேகத்தில் தெரியும். கடவுச்சொல் போட்டு மூட வேண்டும் என்றாலும் 7-ஜிப்தான்.

எனக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. விண்டோஸ் 7 வரை, தமிழில் பெயர் வைத்த கோப்பை விண்டோஸின் ஜிப்புக்குள் போட முடியாது. இந்தப் பெயரில் சுருக்கக் கோப்புறையில் பயன்படுத்த முடியாத எழுத்துகள் இருக்கின்றன, பெயரை மாற்றுங்கள் என்று சொல்லும். ‘முன்னுரை’ என்று பெயர் வைத்தது குற்றம். அதனால்தான் இன்றைக்கும் பல தட்டச்சு நிலையங்களில் தமிழ்ப் புத்தகத்தின் கோப்புகளுக்கெல்லாம் ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கிறது. தடை போய்ப் பல வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை.

அதே வேலைக்கு வின்ரார் வைத்திருப்பவர்கள்: 40 நாள் சோதனைக் காலம் முடிந்தது என்று வருடக்கணக்காக நினைவூட்டுகிறதே, அதை வைத்துச் சிரிப்பது இருக்கட்டும். உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2019-இல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள், ஏறத்தாழ 19 ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது. 2023-இல் இன்னொன்று. அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. 7-ஜிப்பும் அப்படித்தான், நீங்களே போய்ப் புதிய பதிப்பை எடுத்து வந்து வைக்க வேண்டும். விண்டோஸோடு வருவதை மைக்ரோசாஃப்ட் புதுப்பித்துவிடும். நீங்கள் கொண்டுவந்து வைத்ததை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் கொடுக்கிற அண்ணன் மகன்கள் இதைச் சொல்வதில்லை.

26 அக்டோபர்

காணொளி ஓட்டும் வீஎல்சி பற்றி எல்லோரும் ஒரே குரலில் பேசுவதால் நான் சொல்ல அதிகம் இல்லை. 1996-இல் பாரிஸ் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் விடுதி வலையமைப்பில் படம் பார்க்கத் தொடங்கிய திட்டம். கையில் கிடைத்த எதையும் ஓட்டும். விண்டோஸின் பிளேயர், கைபேசியில் எடுத்த ஹெச்இவிசி வகைக் காணொளியைக் கொடுத்தால் கடைக்குப் போய் நீட்சி வாங்கி வா என்கிறது. சின்னத் தொகைதான். சொந்தப் பேத்தியின் பிறந்தநாள் காணொளியைப் பார்க்க எதற்குக் காசு என்பதுதான் கேள்வி.

இதில் நமக்கென்று ஒரு கூத்து நடந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து வீஎல்சியின் அதிகாரபூர்வத் தளமே இந்தியாவில் திறக்கவில்லை. அரசு முடக்கியிருந்தது. அவர்கள் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் மக்கள் என்ன செய்தார்கள்? தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் எடுத்தார்கள். பாதுகாப்புக்காக மூடினார்களோ என்னவோ, நடந்தது அதற்கு நேர்மாறானது. அந்த ஆண்டில் நிறுவிய வீஎல்சி யாரிடமாவது இருந்தால் நீக்கிவிட்டு, அதை உருவாக்கும் வீடியோலேன் தளத்திலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

27 அக்டோபர்

‘கூடவே வருவதைத் திணிப்பது குற்றமில்லையா’ என்று கேட்டவருக்கு: குற்றம் என்றே ஐரோப்பாவில் தீர்ப்பு ஆயிற்று. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. விற்றார்கள். அதே விலைக்கு ஒரு பொருள் குறைவாக யார் வாங்குவார்கள்? சீந்துவாரில்லை. பிறகு எந்த உலாவி வேண்டும் என்று பயனரையே கேட்கும் திரையை 2010-இல் வைக்கச் செய்தார்கள். ஒரு விண்டோஸ் 7 புதுப்பிப்பில் அந்தத் திரை காணாமல் போனது. அதற்கு 2013-இல் இன்னொரு 56.1 கோடி யூரோ.

அபராதத்தைவிட ஃபயர்ஃபாக்ஸ் அதிகம் சாதித்தது என்பது என் எண்ணம். 2004 நவம்பரில் அது வந்து தாவல்களையும் விளம்பரச் சன்னல்களைத் தடுக்கும் வசதியையும் காட்டிய பிறகுதான், வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எழுந்து ஏழாம் பதிப்பை வெளியிட்டது.

2 நவம்பர்

கணினியைச் ‘சுத்தம்’ செய்ய ஒரு மென்பொருள் பரிந்துரைக்கச் சொல்லி மூன்று பேர். மாட்டேன்.

சிசிகிளீனர் கதை தெரியாதவர்களுக்கு: 2017 ஆகஸ்டில் வெளியான 5.33 பதிப்புக்குள் வேற்று ஆள் நிரல் புகுந்திருந்தது. போலித் தளத்தில் எடுத்தவர்களுக்கு இல்லை, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், அதன் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடு எடுத்தவர்களுக்கு. சுமார் 22.7 லட்சம் கணினிகள். குப்பை அள்ள வந்தவன் பையில் அது.

‘பெரிய தளமாகப் பார்த்து இறக்குங்கள்’ என்ற அறிவுரையும் போதாது. சோர்ஸ்ஃபோர்ஜைவிடப் பெரிய பெயர், நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறமூல உலகில் ஒரு காலத்தில் இல்லை. 2013-க்குப் பிறகு சில வருடங்கள் அங்கே நிறுவிக் கோப்போடு வேறு விளம்பர மென்பொருளும் சேர்ந்து வந்தது. 2015-இல் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளுக்கே அப்படிச் செய்தார்கள். 2016-இல் கைமாறிய பிறகு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

ஆகவே எழுதியவரின் தளம், அல்லது விண்டோஸின் விங்கெட். விங்கெட் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற சமாசாரம்தான், ஆனால் நிறுவியிருக்கும் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கலாம். நான் மாதத் தொடக்கத்தில் கரண்ட் பில் கட்டும்போது அதையும் ஓடவிடுகிறேன்.

வட்டில் இடம் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதியைத் திறங்கள். அங்கே இருப்பது போதும்.

3 நவம்பர்

வைரஸ் எதிர்ப்பான்: மாற்ற வேண்டாம். விண்டோஸ் 8-லிருந்து டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, வீட்டுக்கு அது போதும். மடிக்கணினியோடு சோதனைப் பதிப்பாக வந்து, பழைய கடன்காரன் போல மூலையில் எட்டி எட்டிப் பார்க்கிறதே, அதை முதலில் நீக்குங்கள். காப்பாற்றுகிறோம் என்று சொன்ன அவாஸ்ட், பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 2024-இல் 1.65 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

9 நவம்பர்

இப்போது உண்மையான கேள்விக்கு வந்திருக்கிறீர்கள். தமிழ் தட்டச்சுக்கு எது?

விண்டோஸ் 2000-த்திலேயே தமிழ் விசைப்பலகை உண்டு, இன்ஸ்கிரிப்ட் என்ற வரிசை மட்டும். தேவநாகரிக்கு ஏற்ற வரிசையில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருப்பார்கள். அதைக் கற்றவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியை நிரப்பியவை வெளி ஆட்கள் எழுதியவை. தமிழா குழுவின் இ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவின் என்ஹெச்எம் ரைட்டர். இணையத்தில் 2000-களில் தமிழில் எழுதப்பட்டதில் பெரும்பங்கு இந்த இரண்டின் வழியாக வந்தது என்று துணிந்து சொல்வேன். மற்ற மென்பொருள்களில் நாம் வசதிக்காக மாற்றினோம். இங்கே மாற்றாவிட்டால் எழுத்தே இல்லை.

2019 மே புதுப்பிப்பில் விண்டோஸ் 10-இலேயே ஒலிபெயர்ப்பு முறை வந்தது. ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் தட்டினால் அம்மா வரும். தமிழ்99 என்ற விசைப்பலகை வரிசையும் இப்போது விண்டோஸில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. அமைப்புகளில் மொழியைச் சேர்த்து, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

எங்கள் தொழிலில் இன்னும் என்ஹெச்எம்தான். பழைய தட்டச்சு இயந்திரத்தில் கைபழகிய அம்மா ஒருவர் எங்கள் நிலையத்தில் இருக்கிறார். திரையைப் பார்க்காமல் மூலப்படியை மட்டும் பார்த்து அடிப்பார். அவருக்குப் பழைய தட்டச்சு வரிசை, எனக்குத் தமிழ்99, பாமினி பழகியவருக்குப் பாமினி வரிசை. வெளிவருவது எல்லோருக்கும் யூனிகோடு.

10 நவம்பர்

‘பாமினியில் வந்த பழைய கோப்பை என்ன செய்வது’ என்ற கேள்விக்கு: என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஆங்கிலச் சொற்களைத் தனியாகப் பாருங்கள். பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு. எது ஆங்கிலம், எது வேடம் போட்ட தமிழ் என்று கோப்பில் எழுதியிருக்காது. கோப்பு முழுவதையும் மாற்றினால் ‘டாக்டர்’ பட்டத்தை ஆங்கிலத்தில் அடித்திருந்த இடமும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால்தான் இந்தச் சிக்கல் இன்னும் எங்களை விடவில்லை. அதற்குப் பின் வந்த இன்டிசைன் 2012-இன் சிஎஸ்6 பதிப்பிலிருந்து தமிழை ஒழுங்காகக் கட்டும். ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைப் போட மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சரி, இது வேறு இழை.

16 நவம்பர்

பிடிஎஃப். அதைப் படிக்கும் மென்பொருள்களில் நான் சுமத்ராவின் ஆள். 2006-லிருந்து இருக்கிறது, நொடியில் திறக்கும். அதற்காக மட்டும் வைத்திருக்கவில்லை. பக்கம் கட்டும்போது ஒரு திருத்தம் செய்து பிடிஎஃப் எடுப்போம், பார்ப்போம், மீண்டும் திருத்துவோம், அதே பெயரில் மீண்டும் எடுப்போம். அடோபி ரீடரில் பழைய பிடிஎஃப் திறந்திருந்தால், கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது, எழுத முடியாது என்று இன்டிசைன் நின்றுவிடும். ரீடரை மூடு, மீண்டும் எடு, மீண்டும் திற, 214-ஆம் பக்கத்துக்கு மீண்டும் போ. சுமத்ரா கோப்பைப் பூட்டுவதில்லை. புதியது வந்ததும் அதே பக்கத்தில் தானே மாற்றிக் காட்டுகிறது. மேசையில் இரண்டு திரை, இடப்பக்கம் இன்டிசைன், வலப்பக்கம் சுமத்ரா. புள்ளி ஒன்றை நகர்த்திவிட்டுத் தலையை மட்டும் திருப்பினால் போதும்.

18 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். சுமத்ராவில் விண்ணப்பம் நிரப்ப முடியவில்லை என்கிறார். முடியாது, அதில் அந்த வசதி இல்லை. உங்களுக்கு சுமத்ரா வேண்டாம். விண்டோஸோடு வரும் எட்ஜ் உலாவியிலேயே பிடிஎஃப் திறக்கும், கட்டங்களை நிரப்பும், அச்சிடும். எட்ஜை நான் உலாவியாகச் சீந்துவதில்லை, இந்த ஒரு வேலைக்கு வஞ்சனை இல்லாமல் உழைக்கிறது.

இன்னொன்றும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். இ-ஆதார் பிடிஎஃப்பில் கையொப்பப் பகுதியில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். அதைச் சரிபார்த்துப் பச்சையாக்க அடோபி ரீடர்தான் வேண்டும். கையொப்பத்தின் மேல் வலது பொத்தானை அழுத்திச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். ஆக ஒரே வகைக் கோப்புக்கு என் கணினியிலேயே மூன்று மென்பொருள். இதைத் தவிர்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒன்றை நீக்குகிறேன்.

23 நவம்பர்

நிறுவினால் மட்டும் போதாது, கோப்பைத் தட்டியதும் தானே திறக்கும் இயல்பு மென்பொருளாக ஆக்க வேண்டும். அங்கேதான் விண்டோஸ் காலைப் பிடித்து இழுக்கிறது. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது உலாவியை மாற்ற ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கூச்சல் எழுந்த பிறகு 2022 மார்ச்சில் ஒரே பொத்தானாக ஆக்கினார்கள். இப்போதும் பிடிஎஃப்பைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் தேடலிலிருந்து திறக்கும் இணைப்புகள் நம் ஊரில் எட்ஜில்தான் போய் விழுகின்றன. ஐரோப்பாவில் 2024-லிருந்து புதிய சட்டம், அங்கே எட்ஜையே கழற்றி எறியலாம். அதே விண்டோஸ்தான், நாட்டைப் பார்த்து மரியாதை.

30 நவம்பர்

பெயிண்ட்: அதைத் தொடாதீர்கள். 2017-இல் கைவிடப்போவதாகச் சொன்னபோது உலகமே அழுதது, விட்டுவைத்தார்கள். இப்போது அடுக்குகள்கூட வந்துவிட்டன.

படம் பார்க்க இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-இல் வெளியிட்டது. ஆசிரியர் கைபேசியிலிருந்து அனுப்பும் நூறு படங்களை ஒரே அளவாக்கி, ஒரே வகையாக்கி, வரிசை எண் போட்டு வைக்க எனக்குத் தேநீர் ஆறும் நேரம் போதும். ஆனால் கவனம்: வீட்டுக்கு இலவசம், தொழிலுக்கு இல்லை. அலுவலகத்தில் வைத்தால் பதிவுக் கட்டணம் உண்டு. நோட்பேட்++, 7-ஜிப், வீஎல்சி மூன்றும் அலுவலகத்திலும் இலவசம். ‘இலவசம்தானே’ என்று எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் கொட்டும் முன் உரிமப் பக்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.

12 டிசம்பர்

அக்டோபரில் நோட்பேட்++ பற்றி நான் எழுதியதைப் படித்து நிறுவியவர்கள் இதையும் படியுங்கள். அதன் புதுப்பிக்கும் பகுதியின் வழியை யாரோ இடைமறித்து, சிலருக்கு வேறு கோப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் 8.8.9 பதிப்பு வந்திருக்கிறது. இறங்கும் கோப்பின் கையொப்பத்தையும் சான்றிதழையும் அது சரிபார்க்கும், பொருந்தாவிட்டால் நிறுவாது. உள்ளிருந்து புதுப்பிக்காமல் அவர்கள் தளத்துக்கே போய்ப் புதிய நிறுவியை எடுத்து மேலே நிறுவுங்கள்.

‘அப்படியானால் நோட்பேடே போதுமே’ என்கிறீர்கள். உங்களுக்குப் போதும் என்று நானும் அப்போதே சொன்னேன். எனக்கு அந்த இரண்டு துண்டு ‘கொ’வைப் பிடிக்க வேறு வழி இல்லை, வைத்துக்கொள்கிறேன். ஆனால் சும்மா கிடக்கட்டும் என்று வைத்திருந்த மற்றவற்றை இன்று உட்கார்ந்து நீக்கினேன்.

13 டிசம்பர்

நீக்கியவை என்னென்ன என்று கேட்டதால்: நகலெடுத்ததை வரிசையாக நினைவில் வைக்கும் டிட்டோ. விண்டோஸ் விசையோடு ‘வி’ அழுத்தினால் அதே வசதி 2018-லிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. கடைசி 25 மட்டும் நிற்கும், கணினியை மூடித் திறந்தால் குத்தி வைத்தவை மட்டும் மிஞ்சும், எனக்கு அது போதும். திரையைப் படமெடுக்கும் கிரீன்ஷாட். விண்டோஸின் ஸ்னிப்பிங் டூல் நன்றாகவே தேறிவிட்டது. எப்போது எதற்கு வைத்தேன் என்றே தெரியாத இரண்டு எழுத்துரு மேலாளர்கள்.

எவ்ரிதிங்கை நீக்கச் சொன்னவருக்கு: கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதை விடமாட்டேன்.

4 ஜனவரி 2026

கோப்புகளைக் கையாளும் டோட்டல் கமாண்டர் பற்றி இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், மதுரைக்காரர் கேட்டுவிட்டார். விண்டோஸின் கோப்பு உலாவியில் 2022-லிருந்து தாவல்கள் வந்துவிட்டனவே, இது இன்னும் தேவையா என்று.

சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியான் கிஸ்லர் 1993-லிருந்து எழுதி வருவது. முதலில் விண்டோஸ் கமாண்டர் என்று பெயர், 2002-இல் மாற்றிக்கொண்டார். இடப்பக்கம் ஒரு கோப்புறை, வலப்பக்கம் ஒரு கோப்புறை, எப்போதும் இரண்டும் கண்முன்னே. அழகு கிடையாது. அச்சகத்துக்கு அனுப்பிய கோப்புறையையும் என்னிடம் இருப்பதையும் ஒப்பிட்டு, எது புதியது, எது விடுபட்டது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். 40 அத்தியாயங்களின் பெயரை ஒரே அட்டவணையில் மாற்றலாம். மாற்றும் முன் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். தாவல்கள் இதற்கு ஈடாகாது.

காசு கட்டாதவரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்களைக் காட்டி ‘இந்த எண்ணை அழுத்து’ என்று கேட்கும். ஒரு முறை கட்டினால் அதன் பிறகு வரும் பதிப்புகள் எல்லாம் அதிலேயே அடக்கம், சந்தா என்ற பேச்சே இல்லை. மதுரைக்காரரே, நாளெல்லாம் கோப்பு நகர்த்துகிற வேலை என்றால் வாங்குங்கள். சோதனைக் காலம் ஒரு மாதம், அதற்குள் கை பழகாவிட்டால் விட்டுவிடுங்கள். குறுக்குவிசைப் பட்டியல் தமிழில் ஒன்று தட்டி வைத்திருக்கிறேன், பொங்கலுக்குப் பிறகு இங்கே போடுகிறேன்.